ஷேர்லி டெம்பிளின் வங்கிப் புத்தகம்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். நிலாவெளியில் படப்பிடிப்புக்கு இடம் பார்க்க வந்த சென்னைக் குழுவினர் கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்த உங்கள் ஏழு வயது மகளைக் கண்டு, நடிக்க அனுப்புவீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். உங்களுக்கு ஆசை, மனைவிக்குப் பயம். ஷேர்லி டெம்பிள் என்ற குழந்தை நட்சத்திரம் சம்பாதித்ததையெல்லாம் பெற்ற தகப்பனே தொலைத்துவிட்டார் என்று மனைவி எங்கோ வாசித்திருக்கிறார். அது உண்மையா, அந்தப் பிள்ளை பிறகு என்ன ஆனாள் என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், 'நான் அப்படிப்பட்ட அப்பா இல்லை' என்று யாரும் கேட்காமலே எழுதியிருக்கிறீர்கள். தம்பி, உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட அப்பா என்பவர் எப்படி இருப்பார் என்பதை அறிய விரும்புகிறீர்கள்.

நான் சினிமாக்காரன் அல்லன், சட்டத்தரணியும் அல்லன். முப்பத்தொரு ஆண்டுகள் வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். அதில் பெரும்பகுதி திருகோணமலையில், பராயமடையாத பிள்ளைகளின் சேமிப்புக் கணக்குகளைக் கவனிக்கும் மேசையிலும் பிறகு முகாமையாளரின் கண்ணாடி அறையிலும் கழிந்தது. ஆகவே பணத்தைப் பற்றிச் சொல்வதைத் தைரியமாகச் சொல்வேன். நடிப்பைப் பற்றி நான் சொல்வதைத் தியேட்டரில் டிக்கெட் எடுத்துப் பார்த்தவனின் அபிப்பிராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஷேர்லி டெம்பிளின் மேல் எனக்கு ஆர்வம் வந்ததற்குக் காரணம் என் மூத்த அக்கா. எங்கள் அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் கடற்படைத் தளத்தில் எழுதுவினைஞராக இருந்தார். அங்கே காட்டப்பட்ட படங்களில் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, பிறந்த மகளுக்கு வீட்டில் ஷேர்லி என்றே பெயர் வைத்துவிட்டார். பங்கீட்டு அட்டையில் வேறு பெயர் இருந்தது. பண்டிகை நாட்களுக்கு முதல்நாள் இரவு, கிழிந்த வேட்டியை நாடா நாடாகக் கிழித்து, அக்காவின் ஈரத்தலையைக் கொத்துக் கொத்தாகச் சுருட்டி அம்மா கட்டிவிடுவார். காலையில் அவிழ்த்தால் சுருள் நிற்கும். கடற்காற்றில் கோவிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் நேராகிவிடும், அக்கா அழுவாள். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஷேர்லி டெம்பிள் தன் கதையைத் தானே எழுதிய புத்தகம் கைக்குக் கிடைத்தபோது, அவளுடைய தாயாரும் இரவில் உட்கார்ந்து மகளின் தலையில் சரியாக ஐம்பத்தாறு சுருள்களைச் சுருட்டி வைப்பார் என்று படித்தேன். அம்மாவின் வேட்டி நாடாக்கள் நினைவுக்கு வந்தன. அதன் பிறகு பணக் கதையையும் வாசித்தேன், வங்கிக்காரனுக்குரிய சந்தேகத்தோடு.

முதலில் உறுதியானவற்றைச் சொல்கிறேன். அவள் பிறந்தது 1928 ஏப்ரல் 23, கலிபோர்னியாவின் சாண்டா மொனிக்கா நகரில். மூன்று வயதில் நடனப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கிருந்து பொறுக்கியெடுத்துக் குறும்படங்களில் நடிக்கவைத்தார்கள். 1934இல் ஃபொக்ஸ் நிறுவனத்தின் படங்களில் பாடி ஆடியதும் நாடே திரும்பிப் பார்த்தது. அமெரிக்காவில் கடும் பொருளாதார மந்தம் நிலவிய காலம் அது. வேலையில்லாதவனும் சில காசு கொடுத்துத் தியேட்டர் இருட்டில் இரண்டு மணி நேரம் கவலையை மறந்திருக்க விரும்பிய காலம். 1935 முதல் 1938 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து, அமெரிக்கத் தியேட்டர்களில் அதிக வசூல் தரும் நட்சத்திரங்களின் வரிசையில் முதலிடம் இந்தச் சிறுமிக்குத்தான். ஆறு வயதில் அவளுக்காகவே சின்ன அளவில் ஒரு ஒஸ்கார் சிலை செய்து கொடுத்தார்கள். அவள் பெயரில் பொம்மை விற்றது, சட்டை விற்றது. இந்த அலை நம் பக்கமும் வந்தது. 1937இல் வெளியான 'பாலயோகினி' படத்தில் நடித்த பேபி சரோஜாவை இந்தியாவின் ஷேர்லி டெம்பிள் என்றே பத்திரிகைகள் அழைத்தன. அதன் பிறகு பிறந்த பெண் குழந்தைகள் பலருக்குச் சரோஜா என்று பெயர் வந்தது.

அவளுடைய வயதை ஒன்று குறைத்துச் சொன்னதும் உறுதியான செய்தி. பிள்ளை இன்னும் சின்னவள் என்று தெரிந்தால் அதிசயம் கூடும் என்பதற்காகப் பிறந்த ஆண்டை 1929 ஆக்கிவிட்டார்கள். பன்னிரண்டாவது பிறந்தநாள் என்று நினைத்துக் கொண்டாடிய நாளில்தான் தனக்குப் பதின்மூன்று முடிந்துவிட்டது என்று அவளுக்கே தெரிந்தது. இதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. வங்கியில் பிறப்புச் சான்றிதழை வைத்துத்தான் நாங்கள் ஒரு பிள்ளையைப் பிள்ளையாக அடையாளம் காண்கிறோம். அதில் கை வைத்தவர்கள் வேறு எதிலும் கை வைக்கக்கூடும்.

இனிச் சந்தேகத்துக்குரியவை. அவள் பிள்ளையே அல்ல, வளர்ச்சி குன்றிய பெரிய பெண் என்று ஐரோப்பாவில் ஒரு வதந்தி ஓடியது. அது வெறும் வதந்தி. 'விசர்ட் ஒஃப் ஒஸ்' படத்தில் அவளை நடிக்கவைக்க, எம்.ஜி.எம். நிறுவனம் தன்னிடமிருந்த நட்சத்திரங்களான கிளார்க் கேபிளையும் ஜீன் ஹார்லோவையும் ஃபொக்ஸுக்கு மாற்றாகக் கொடுக்க முன்வந்ததாகவும் ஹார்லோ இறந்ததால் பேச்சு முறிந்ததாகவும் ஒரு கதை உண்டு. கேட்க அழகாக இருக்கும், ஆனால் ஆண்டுக் கணக்கு உதைக்கிறது. ஹார்லோ இறந்தது 1937 ஜூனில். 'விசர்ட் ஒஃப் ஒஸ்' நாவலைப் படமாக்கும் உரிமையை எம்.ஜி.எம். வாங்கியதோ 1938இல். ஹோட்டல்களில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இஞ்சிச் சோடாவும் மாதுளைச் சாறும் கலந்த பானத்துக்கு அவள் பெயர் எப்படி வந்தது என்பதற்குப் பல ஹோட்டல்கள் உரிமை கோருகின்றன. அதில் தனக்குப் பங்கில்லை என்று அவரே சொன்னதோடு, போத்தலில் அடைத்துத் தன் பெயரில் விற்க முயன்றவர்கள்மீது 1988இல் வழக்கும் போட்டார். தாயார் கொடுமைக்காரி என்பதும் நான் நம்பாத கதைகளில் ஒன்று. தன் புத்தகத்தில் அவர் தாயைப் பற்றி அன்போடுதான் எழுதுகிறார். அதே புத்தகத்தில், ஆரம்பக் குறும்படங்களின்போது சொற்கேளாத பிள்ளைகளை ஐஸ் கட்டி வைத்த ஒரு கறுப்புப் பெட்டிக்குள் தனியே அடைத்தார்கள் என்றும் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்தபோது அவளுக்கு நாலு வயது இருக்கலாம்.

பணத்துக்கு வருகிறேன். உங்கள் மனைவி வாசித்தது அடிப்படையில் உண்மை. திருமணமாகி ஒரு பிள்ளைக்குத் தாயும் ஆகி, இருபதுகளின் தொடக்கத்தில் அவர் தன் கணக்கைக் கேட்டபோது, சம்பாதித்தது சுமார் 32 இலட்சம் டொலர் என்றும் அவர் பெயரில் மிஞ்சியிருப்பது சுமார் 44,000 டொலர் என்றும் தெரியவந்தது. நூற்றுக்கு ஒன்றரை கூட இல்லை. அந்தத் தகப்பன் ஜோர்ஜ் டெம்பிள் யார் தெரியுமா? என்னைப் போல ஒரு வங்கி உத்தியோகத்தர். மகள் புகழ் பெற்றதும் வேலையை விட்டுவிட்டு அவளுடைய வருமானத்தைக் கவனிக்கத் தொடங்கியவர். இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஆனால் அவரைத் திருடர் என்று என்னால் எழுத முடியாது. பணம் சூதாட்டத்தில் போனதாகவோ ஒளித்து வைக்கப்பட்டதாகவோ செய்தி இல்லை. பெரிய வீடு, வேலையாட்கள், காவல், உறவினர்களின் செலவு, தவறான முதலீடுகள் என்று, வீட்டுக்குள் வந்த பணம் வீட்டுச் செலவாகவே போயிற்று. மகளின் சம்பளம் குடும்பத்தின் சம்பளமாக மாறிய நாளில் யாரும் கூட்டம் கூட்டித் தீர்மானம் போட்டிருக்க மாட்டார்கள். தகப்பன் வேலையை விட்ட நாளே அந்த நாள் என்று நான் நினைக்கிறேன். அதன் பிறகு அந்த வீட்டில் உழைத்துச் சம்பாதித்த ஒரே ஆள் பால்பல் விழாத ஒரு பிள்ளை.

அப்போது சட்டம் இருக்கவில்லையா என்று கேட்பீர்கள். சார்லி சப்ளினோடு 1921இல் 'த கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகனின் கதைதான் அந்தச் சட்டத்தின் தாய். அவன் சிறுவனாகச் சம்பாதித்தது 30 முதல் 40 இலட்சம் டொலர் என்பார்கள். வளர்ந்து கேட்டபோது, பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றவருக்கே சொந்தம் என்பது அன்றைய கலிபோர்னியாச் சட்டம். தாயின்மீதும் மாற்றாந்தந்தையின்மீதும் 1938இல் வழக்குப் போட்டுக் கடைசியில் அவன் கையில் வந்தது சுமார் 1,26,000 டொலர். அந்த அவமானத்தில் 1939இல் கூகன் சட்டம் வந்தது. ஆனால் ஷேர்லியின் பெரும் வருமானம் அதற்கு முன்பே வந்து போய்விட்டது. சட்டத்திலும் ஓட்டைகள் இருந்தன. பிள்ளை உழைத்தது பிள்ளைக்கே சொந்தம் என்று அங்கே தெளிவாக எழுதிவைக்க 2000ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

இந்த இடத்தில் என் மேசைக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடற்கரையோரக் கிராமத்திலிருந்து வந்தவர், கடற்றொழிலாளி. மகளின் வங்கிப் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி, றப்பர் வளையம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். உப்பு ஈரத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, நகத்தால் பிரித்துத்தான் பார்த்தேன். சித்திரைப் புத்தாண்டுக் கைவிசேடம், புலமைப்பரிசில் காசு, கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பியது என்று சிறுகச் சிறுகச் சேர்ந்த பணம். படகின் எஞ்சின் பழுதாகிவிட்டது, மகளின் பணத்தை எடுத்துத் திருத்திவிட்டு மீன் பட்டதும் திரும்பப் போட்டுவிடுகிறேன் என்றார். பதினெட்டு வயது ஆகும்வரை எடுக்க முடியாது, மருத்துவத்துக்கோ படிப்புக்கோ என்றால் மட்டும் மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கலாம் என்றேன். "அவளுடைய படிப்புக்குத்தானே ஐயா நான் கடலுக்குப் போகிறேன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. விதியைத்தான் மறுபடி சொன்னேன். அவர் சண்டை போடவில்லை. புத்தகத்தைப் பழையபடி சுற்றி, அதே றப்பர் வளையத்தைப் போட்டுக்கொண்டு போனார். அந்தப் பருவம் முழுவதும் அவர் இன்னொருவரின் படகில் கூலிக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் செய்தது சரிதான் என்று காலையில் தோன்றும், இரவில் தோன்றாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'அப்படிப்பட்ட அப்பா' என்று தனியாக ஒரு சாதி இல்லை. அந்த மனிதர் நல்லவர். ஜோர்ஜ் டெம்பிளும் கெட்டவர் அல்லர் என்றே அவருடைய மகள் எழுதினார். பணம் போனது தெரிந்தபோது தனக்குக் கோபமே வரவில்லை என்கிறார். அந்த அளவு பெருந்தன்மை எனக்கு விளங்கவில்லை, ஆனால் அவர் பொய் சொல்வதாகவும் தோன்றவில்லை. கடற்றொழிலாளிக்கும் ஜோர்ஜுக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஒன்றுதான். ஒருவருக்கும் பணத்துக்கும் நடுவே ஒரு மேசையும் அதன் பின்னால் மனமில்லாமல் 'முடியாது' என்று சொல்ல ஒருவனும் இருந்தார்கள். மற்றவருக்கு அந்த மேசையே தன்னுடையதாக இருந்தது.

அந்தப் பிள்ளை என்ன ஆனாள் என்ற இரண்டாவது கேள்விக்குப் பதில் நல்ல செய்திதான். 1940இல் வெளியான 'புளூ பேர்ட்' ஓடவில்லை, ஃபொக்ஸோடு ஒப்பந்தம் முடிந்தது. பன்னிரண்டு வயதில் முதல்முறையாகச் சாதாரணப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். அவளைக் காப்பாற்றியது அந்தப் பள்ளிக்கூடம் என்பது என் எண்ணம். இளம்பெண்ணாகச் சில படங்களில் நடித்தும் பழைய மவுசு வரவில்லை. பதினேழு வயதில் செய்த முதல் திருமணம் முறிந்தது. 1950இல், இருபத்திரண்டு வயதில் சினிமாவுக்கு விடைகொடுத்துவிட்டு, கடற்படையில் பணியாற்றிய சார்ல்ஸ் பிளாக்கை மணந்தார். ஷேர்லியின் ஒரு படத்தையும் பார்த்திராத மனிதர் அவர். ஆறு வயதில் கடையொன்றில் நத்தார் தாத்தாவைப் பார்க்கப் போனபோது அந்தத் தாத்தாவே தன்னிடம் கையெழுத்துக் கேட்டார், அன்றோடு நத்தார் தாத்தாவில் நம்பிக்கை போய்விட்டது என்று வேடிக்கையாகச் சொல்வார் ஷேர்லி. அப்படி வளர்ந்தவருக்குத் தன்னை அடையாளம் தெரியாத ஒரு மனிதர் எவ்வளவு ஆறுதலாக இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அந்தத் திருமணம் 2005இல் கணவர் இறக்கும்வரை நிலைத்தது.

பிறகு அரசியல். 1967இல் அமெரிக்கக் காங்கிரஸுக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 1969இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபைக்கு அமெரிக்கக் குழுவில் ஒருவராகப் போனார். அந்த ஆண்டுகளில் அங்கே இலங்கையின் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்தவர் ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க. நம் நாட்டில் சிங்கள ஆண்களுக்கும் ஷேர்லி என்ற பெயர் உண்டு என்பதை அமெரிக்கர்களுக்கு விளங்கவைக்கச் சிரமப்பட்டிருப்பார்கள். 1972இல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டபோது அதை மறைக்காமல் வெளியே சொன்னார். அந்த நோயின் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்லாத காலம் அது. 1974 முதல் 1976 வரை கானாவில் தூதர். 1968 ஓகஸ்டில், தன் அண்ணனையும் பீடித்திருந்த நரம்பு நோய் ஒன்றுக்கான சர்வதேச அமைப்பின் வேலையாக, அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராக்கில் இருந்தபோதுதான் சோவியத் டாங்கிகள் உள்ளே வந்தன. அதே நகருக்கு 1989இல் அமெரிக்கத் தூதராகப் போனார். அந்த ஆண்டு நவம்பரில் அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்ததைத் தூதரகத்திலிருந்து பார்த்தார். 2014 பெப்ரவரி 10இல் காலமானார், எண்பத்தைந்து வயதில்.

இந்த வாழ்க்கையைக் காட்டி 'பார்த்தீர்களா, ஒன்றும் கெட்டுப்போகவில்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவருடைய அதிர்ஷ்டமும் மனத்திடமும் எல்லாப் பிள்ளைக்கும் வாய்க்காது. நம் பக்கத்து உதாரணங்களும் அப்படித்தான். 1960இல் 'களத்தூர் கண்ணம்மா'வில் நடித்த கமல்ஹாசனையும், 1969இல் 'துணைவன்' படத்தில் குழந்தையாக நடித்துப் பதின்மூன்று வயதில் 'மூன்று முடிச்சு' படத்தின் கதாநாயகியான ஸ்ரீதேவியையும் எல்லோரும் சொல்வார்கள். மேலே வந்தவர்களின் பெயர்தான் நமக்குத் தெரியும்.

உங்கள் காரியத்துக்கு வருவோம். இந்தியாவில் 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 2017ஆம் ஆண்டு விதிகளும், பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை நடிக்கவைக்கச் சில நிபந்தனைகள் வைத்திருக்கின்றன. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வின்றி மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். சம்பளத்தில் குறைந்தது நூற்றுக்கு இருபது பங்கு பிள்ளையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியொன்றில் நிலையான வைப்பாகப் போக வேண்டும். சென்னைக் குழுவினரிடம் அந்த அனுமதியைப் பற்றி முதலில் கேளுங்கள். முகம் சுளித்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். காட்சிகள் இங்கே நிலாவெளியிலேயே எடுக்கப்படுமானால், கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரைப் பார்த்துப் பேசுங்கள். ஒப்பந்தத்தை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள், அது என் வேலை அல்ல.

என் வேலைக்குட்பட்டதைச் சொல்கிறேன். இருபது பங்கோடு நின்றுவிடாதீர்கள், முழுவதையும் போடுங்கள். இங்கே மகள் பெயரில் பராயமடையாதோர் கணக்கு ஒன்றைத் திறந்து, சம்பளம் உங்கள் கணக்கைத் தொடாமல் அங்கே வரும்படி ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். உங்கள் கையில் வந்து பிறகு போடலாம் என்றால், அந்தப் 'பிறகு' எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளோடு போய்வரும் பஸ் கட்டணத்தையும் தங்கும் செலவையும் படத்தயாரிப்பாளரிடம் தனியாகக் கேட்டு வாங்குங்கள், அவளுடைய பணத்தில் கழிக்காதீர்கள். எக்காரணம் கொண்டும் நீங்கள் உங்கள் வேலையை விடாதீர்கள். ஒரு பெரியவர் துணைக்குப் போகத்தான் வேண்டும். யார் போவது என்பதை மனைவியோடு பேசுங்கள், சம்பளமில்லாத விடுமுறையாக இருந்தாலும் விடுமுறையாக இருக்கட்டும்.

கடைசியாக, எனக்குக் குறையாகப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆசையை எழுதினீர்கள், மனைவியின் பயத்தை எழுதினீர்கள். மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி கூட இல்லை. பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக நடிக்கவைக்கக் கூடாது என்பதும் அந்த இந்திய விதிகளில் இருக்கிறது. குழுவினர் இல்லாத நேரத்தில், சொந்தக்காரர்கள் சுற்றி நிற்காத நேரத்தில் அவளிடம் கேளுங்கள். படப்பிடிப்பு பள்ளித் தவணையில் வருகிறதா, விடுமுறையில் வருகிறதா என்பதையும் விசாரித்து இங்கேயே எழுதுங்கள். கணக்குத் திறக்கும் படிவத்தை நிரப்ப உதவி வேண்டுமென்றால் அதற்கும் நான் இருக்கிறேன். பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியை எடுத்து வையுங்கள்.